ஒரு சாண் தண்ணீர்

துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரத்துக்குப் போகும் 200 அடிச் சாலை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், விடிந்தும் விடியாமலும் அந்தச் சாலையோரம் கழுத்தில் பைனாக்குலர் தொங்க ஒரு சிறு கூட்டம் நிற்கும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் ஓடிக்கொண்டிருக்கும். கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள். வடக்கே பெருங்குடிக் குப்பைமேடு. நடுவில் கோரையும் சம்பும் வெட்டவெளித் தண்ணீருமாகக் கிடக்கும் பரப்பில் ஆயிரக்கணக்கான பறவைகள்.

முதன்முதலாக வருபவர் கேட்பது, “இது என்ன பறவை?” சில மாதம் வந்து பழகியவர் கேட்பது, “இது ஏன் அங்கே போய் நிற்கிறது?” நகரத்துப் பறவைகளைக் காப்பாற்ற வேண்டுமானால் இந்த இரண்டாவது கேள்வியில்தான் நாம் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தண்ணீரின் ஆழம்.

கரையிலிருந்து உள்ளே பார்வையைச் செலுத்துவோம். ஈரம் மட்டும் மினுங்கும் சேற்றில் கொசு உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்துகின்றன. ஏறக்குறைய சிட்டுக்குருவியின் எடைதான். ஆர்க்டிக் துந்திரப் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்திருக்கும் அந்தப் பறவையின் கீழ்க்கால் சுமார் இரண்டு செ.மீ. நீளம். விரற்கடை அளவு தண்ணீர் நின்றாலே அதற்கு அந்த இடத்தில் வேலையில்லை. அதற்கு அடுத்த வளையத்தில் பொறி உள்ளான். அதையும் தாண்டி, சிவப்புக் குச்சிபோன்ற கால்களில் நெடுங்கால் உள்ளான். இன்னும் உள்ளே கருவால் மூக்கன்கள் நெருக்கமாக நின்று தலையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு எடுக்கின்றன. பிறகு மஞ்சள்மூக்கு நாரை, பூநாரை. அதற்கும் அப்பால், பாதி உடல் வானத்தைப் பார்க்க, பாதி உடல் நீருக்குள் கவிழ்ந்திருக்கும் ஊசிவால் வாத்துகள். கடைசியாக, மூழ்கி இரைதேடும் நாமக்கோழியும் முக்குளிப்பானும், கூட்டமாக மீனை வளைத்துப் பிடிக்கும் கூழைக்கடாக்களும். ஒவ்வொன்றும் தன் காலும் கழுத்தும் அலகும் எட்டுகிற ஆழத்தில் நிற்கிறது. ஒரு சதுப்பில் எத்தனை விதமான ஆழம் இருக்கிறதோ அத்தனை விதமான பறவைக்கு அங்கே இடம் உண்டு.

இதைக் கண்ணாலேயே அளக்க ஒரு வழி இருக்கிறது. நெடுங்கால் உள்ளானின் காலில் பின்புறமாக மடங்கும் ஒரு மூட்டு தெரியும். நாம் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் அதன் கணுக்கால். முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. தரையிலிருந்து அந்த மூட்டுவரை ஏறக்குறைய 12 செ.மீ. ஆகவே தண்ணீர் அந்த மூட்டுக்குக் கீழே நின்றால் ஆழம் ஏறக்குறைய அரைச் சாணுக்குள். மூட்டு மறைந்து வயிறு நனையப்போகிறது என்றால் ஒரு சாணை நெருங்கிவிட்டது. சாலையோரத்தில் நின்றபடியே, காலை நனைக்காமல், ஏக்கர் கணக்கான நீர்ப்பரப்பின் ஆழத்தை இப்படிக் குறித்துக்கொள்ள முடியும்.

அந்த ஒரு சாணுக்குள்தான் இந்த நிலத்தின் செல்வம் அதிகம். வெயில் அடிமட்டம்வரை போகிறது, பாசி வளர்கிறது, பாசியைத் தின்னும் நத்தையும் புழுவும் பூச்சிக் குடம்பிகளும் சேற்றில் பெருகுகின்றன. அவற்றை எடுக்கும் கருவிகள்தான் இத்தனை வகை அலகுகள். கருவால் மூக்கனின் நேரான நீண்ட அலகைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இரையை அது சேற்றுக்குள் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கருவால் மூக்கனும் அடங்கிய உள்ளான் குடும்பத்துப் பறவைகளின் அலகு நுனியில் நுண்ணிய குழிகள் உள்ளன. அந்தக் குழிகளுக்குள் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள். இரை தட்டுப்பட்டதும் வாய் முழுவதையும் திறக்கத் தேவையில்லை. சேற்றுக்குள் புதைந்த அலகின் நுனியை மட்டும் இடுக்கிபோலத் திறந்து கவ்வ அவற்றால் முடியும். மஞ்சள்மூக்கு நாரையும் தொடு உணர்வை நம்பித்தான் மீன் பிடிக்கிறது: அலகைப் பாதி திறந்து தண்ணீரில் விட்டபடி மெல்ல நடக்கிறது, காலால் சேற்றைக் கலக்குகிறது, மீன் அலகில் பட்ட கணத்தில் மூடிக்கொள்கிறது. கலங்கல் தண்ணீர் இதற்குத் தடையாக இல்லை. ஆனால் மீன்கள் சிதறி ஓட முடியாத அளவுக்கு நீர் குறைந்திருப்பது அதற்கு வேண்டும்.

ஆழம் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல இருப்பதுமில்லை. சென்னைக்கு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. வலசைப் பறவைகள் வந்துசேரும் காலமும் அதை ஒட்டியே அமைகிறது. ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் முதல் உள்ளான்கள் இறங்கும்போது சதுப்பில் சேறு வெளியே தெரிந்துகொண்டிருக்கும். நவம்பரில் தண்ணீர் ஏறியதும் உள்ளான்கள் ஓரங்களுக்கு ஒதுங்கும். வாத்துகள் நடுவில் பரவும். மழை நின்று ஜனவரியிலிருந்து நீர் நாளுக்கு நாள் இறங்க, புதிய சேற்று விளிம்பு தினமும் திறந்துகொண்டே வரும். முந்தைய நாள்வரை மூடிக்கிடந்த இடத்தில் இன்றைக்கு இரை கிடைக்கிறது. மார்ச், ஏப்ரலில் குட்டைகளாகச் சுருங்கிய நீரில் மீன்கள் நெருங்கிக் கிடக்க, நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து கூடும். வடக்கே திரும்பிப்போகும் பறவைகள் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதும் இந்தச் சமயத்தில்தான். பல ஆயிரம் கி.மீ. பயணத்துக்கு அதுதான் எரிபொருள். ஏறுவது, இறங்குவது, ஓரளவு காய்வது: மூன்றும் நடந்தால்தான் அது சதுப்பு நிலம்.

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, 1960களில் சுமார் 5,000 ஹெக்டேர். தென்சென்னையைச் சுற்றியுள்ள சுமார் 250 சதுர கி.மீ. நிலத்தின் மழைநீர் இங்கேதான் வந்து சேர்ந்தது. வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம், கீழ்க்கட்டளை, பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி கலங்கல் (மிகைநீர் வழியும் இடம்) வழியாக நிரம்பி வழிந்து, கடைசியில் இந்தப் பள்ளத்தில் விரிந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட நிலத்தைப் பயனற்றது என்று நினைத்த காலம் நீண்டது. குப்பை கொட்ட ஒரு மூலை, கழிவுநீர் நிலையத்துக்கு ஒரு மூலை, நிறுவன வளாகங்களுக்குக் கொஞ்சம், சாலைக்கும் ரயிலுக்கும் கொஞ்சம், வீட்டு மனைகளுக்கு நிறைய என்று அது கரைந்தது. ஆர்வலர்களும் குடியிருப்போரும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அதன் பரப்பு 1,247.5 ஹெக்டேர் என்று குறிக்கப்பட்டது.

அந்தப் பரப்பை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் அது 10 லட்சம் லிட்டர். 1,247 ஹெக்டேர் முழுவதும் 10 செ.மீ. உயர்ந்தால் ஏறக்குறைய 125 கோடி லிட்டர். நெடுங்கால் உள்ளானின் கணுக்கால் உயரத்துக்கும் குறைவான தண்ணீர் இது! அந்த நீர் நிற்க இங்கே இடமில்லையென்றால் வேளச்சேரியின் தரைத்தளங்களில் போய் நிற்கும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அதுதான் நடந்தது. பறவைக்கு ஒரு சாண் ஆழம் வேண்டும் என்பதும், வீட்டுக்குள் ஒரு சாண் தண்ணீர் வரக்கூடாது என்பதும் ஒரே கோரிக்கைதான். நகரத்தில் பறவைப் பாதுகாப்பு பேசுகிறவர்கள் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

நிலத்தை மூடுவது கெடுதல் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் வேறொரு கெடுதலைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. ஏரியைச் சீரமைக்கிறோம் என்று தூர்வாரி, நடுவில் ஆழமாகத் தோண்டி, தோண்டிய மண்ணைக் கரையில் கொட்டிச் செங்குத்தாக உயர்த்தி, அதன்மேல் நடைபாதை போட்டு, மையத்தில் பறவைக்கென்று வட்டமாக ஒரு திட்டு எழுப்புகிறார்கள். திறப்பு விழாப் புகைப்படத்தில் நீலத் தண்ணீர் அழகாக இருக்கும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நாமக்கோழியும் நீர்க்காகமும் இருக்கும். உள்ளான் ஒன்றுகூட இருக்காது.

இதற்குக் காரணம் சரிவு. நூறு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் இயல்பான கரையில், ஒரு சாணுக்குட்பட்ட (20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்) ஆழமுள்ள பட்டை 20 மீட்டர் அகலம். இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் செயற்கைக் கரையில் அதே பட்டையின் அகலம் 40 செ.மீ. ஒரு கி.மீ. நீளக் கரைக்கு இதைக் கணக்கிட்டால், முதலாவதில் உள்ளான்களுக்கு ஐந்து ஏக்கர் மேய்ச்சல் நிலம். இரண்டாவதில் இரண்டு கிரவுண்டுகூட வராது. தண்ணீரின் கொள்ளளவு கூடியிருக்கும், ஏரி “நிரம்பி” இருக்கும், ஆனால் பறவை இழந்தது ஐம்பதில் நாற்பத்தொன்பது பங்கு. குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் ஆழப்படுத்த வேண்டிய ஏரிகள் உண்டு, அதை மறுக்கவில்லை. சதுப்பு நிலத்தை ஏரியாக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். ஆழப்படுத்தியே ஆகவேண்டுமென்றால் ஒரு பக்கத்துக் கரையையாவது தட்டையாக, மெதுவாக இறங்கும்படி விட்டுவைக்கலாம். கூடுதலாக ஒரு ரூபாய்கூட ஆகாது. பொக்லைன் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் பள்ளிக்கரணையில் உண்டு. கழிவுநீர் ஆண்டு முழுவதும் உள்ளே வருவதால் சில பகுதிகள் கோடையிலும் காய்வதில்லை. காயாத, சத்து மிகுந்த நீரில் ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது. சம்பு நெருங்கி வளர்ந்து திறந்த நீரை விழுங்குகிறது. பச்சைப்பசேலென்று தெரிவதால் பார்ப்பவர்களுக்கு அது செழிப்பாகத் தோன்றலாம்.

ஆழத்தைப் போலவே அது மாறும் வேகமும் முக்கியம். இதற்கு நீளவால் இலைக்கோழியைவிட நல்ல சாட்சி கிடையாது. உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்ட விரல்களை விரித்து மிதக்கும் இலைகள்மேல் நடக்கும் பறவை. இனப்பெருக்கக் காலத்தில் கழுத்தின் பின்புறம் பொன்னிறமாகி, கரும்பழுப்பு வால் இறகுகள் நீண்டு வளையும். பெண் பறவை ஓர் ஆணுடன் சேர்ந்து நான்கு முட்டை இட்டுவிட்டு, அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். வெண்கலத்தைத் துலக்கி வைத்ததுபோன்ற பளபளப்பு அந்த முட்டைகளில். அவற்றை அடைகாப்பதும் குஞ்சுகளை மேய்ப்பதும் தந்தையின் பொறுப்பு. கூடு என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. மிதக்கும் இலைதழைகளின்மேல் ஒரு சிறு படுக்கை. தண்ணீர் மெல்ல ஏறினால் கூடும் சேர்ந்து மிதந்து ஏறும். ஆபத்து நெருங்கினால் அந்த ஆண் பறவை முட்டையைத் தாடைக்கும் மார்புக்கும் இடையில் அணைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வேறு இலைக்கு நகர்த்திவிடும். நான்கு முட்டைக்கும் நான்கு நடை. மழைநீர் வடிகால்களையெல்லாம் ஒரே வாய்க்காலில் இணைத்து, ஒரு மணி நேர மழையில் ஒரு முழம் தண்ணீரை உள்ளே தள்ளினால், அந்தத் தந்தைக்கு நான்கு நடை நடக்க நேரமிருக்காது. சேற்றுத் திட்டுகளில் தரையிலேயே முட்டையிடும் நெடுங்கால் உள்ளானின் கதியும் அதுவே.

வேடந்தாங்கல் மக்கள் ஆழத்தின் அருமையை நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அந்த ஊர் ஏரியில் நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. மரத்தடியில் நீர் நிற்கும்வரைதான் நாரைகளும் கொக்குகளும் கூடுகட்டும். தரையில் நடமாடும் எதிரிகளை அது தடுக்கிறது. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரமானது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்புக்கான ஆணையைப் பெற்றார்கள். ஏரி, மரம், எச்சம், நெல் என்று ஒன்றோடொன்று பிணைந்த வாழ்க்கை அது. அந்தப் பிணைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் நகரத்தின் சிரமம். தண்ணீர் குழாயில் வருகிறது, அரிசி கடையில் வருகிறது. சதுப்பு என்ன கொடுக்கிறது என்று கேட்பவருக்கு எதைக் காட்டுவது?

இந்த இடத்தில்தான் எண்ணிக்கை வருகிறது. 1978இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் உட்படச் சென்னையின் பறவை ஆர்வலர்கள் பல பத்தாண்டுகளாகக் குறிப்பேடுகளில் எழுதிவைத்த பட்டியல்கள் இல்லாமல் பள்ளிக்கரணைக்கு ஒரு வழக்கும் இல்லை, ஒரு வாதமும் இல்லை. 2002இல் அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் தொடங்கிய இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளம் வந்த பிறகு, அதே வேலையைக் கைபேசி வைத்திருக்கும் யாரும் செய்யலாம் என்றாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும். மொட்டை மாடியில் நின்றுகூட எழுதலாம்.

எழுதும்போது ஒரு விதி உண்டு. அதில்தான் அறிவியலே இருக்கிறது. அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுத வேண்டும். காகம், மாடப்புறா, மைனா உட்பட. அபூர்வப் பறவையை மட்டும் எழுதுபவரின் பட்டியலில் காகம் இல்லையென்றால், அங்கே காகம் இல்லை என்று பொருளா, அவர் எழுதவில்லை என்று பொருளா? தெரியாது. முழுப்பட்டியலில் இல்லையென்றால் அது தென்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட நூறு பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை இடம்பெறுகிறது என்ற விகிதத்தை ஆண்டுதோறும் ஒப்பிட்டால், அது குறைகிறதா கூடுகிறதா என்பது புலப்படும். 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகளை இவ்வாறு ஆராய்ந்தது. 942 இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது.

சிட்டுக்குருவி விஷயத்திலும் இந்தப் பட்டியல்கள்தான் தெளிவு கொடுத்தன. கைபேசிக் கோபுரத்தால் சிட்டுக்குருவியே அழிந்துவிட்டது என்று நம்பாதவர் குறைவு. 2020இல் வந்த அதே அறிக்கையின் முதல் பதிப்பு, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் படிப்படியாகக் குறைந்திருக்கிறது என்றும் காட்டியது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடைக்கவில்லை. பெருநகரங்களில் குறைந்ததற்கான காரணங்களில் இரண்டு முன்னிலையில் பேசப்படுகின்றன: ஓட்டு வீட்டு இடுக்குகள் போய் வழவழப்பான சுவர்கள் வந்தது, குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காமல் போனது. சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதான் என்றாலும் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். பால்கனியில் அட்டைப்பெட்டிக் கூடு மாட்டுவது நல்ல காரியம். தெருவில் புதரும் புல்லும் இருக்கும் ஒரு காலி மனையைச் சிமெண்ட் போட்டு மூடாமல் விடுவது அதைவிட நல்ல காரியம்.

வலசை வருபவை எல்லாம் தண்ணீரைத் தேடி வருபவை அல்ல. அக்டோபரில் சென்னையின் ஏதாவது ஒரு வீட்டு மாடிப்படியிலோ கார் நிறுத்துமிடத்திலோ, வாலே இல்லாததுபோன்ற குட்டையான ஒரு பறவை ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். முதுகு பச்சை, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, சிறகில் நீலம், அடிவயிற்றில் குருதிச் சிவப்பு. வீட்டார் யாரோ வளர்த்த வெளிநாட்டுப் பறவை தப்பி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். அது ஆறுமணிக்குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழையில் குஞ்சு பொரித்துவிட்டு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் குளிர்காலம் கழிக்கப் போகிறது. இரவில் பறக்கிறது. நகரத்தின் வெளிச்சம் அதைக் கீழே இழுக்கிறது. கண்ணாடி அதை மோத வைக்கிறது. உயிரோடு கிடைத்தால் காற்று புகும் அட்டைப் பெட்டியில், இருட்டில், தொந்தரவில்லாமல் சில மணி நேரம் வைத்திருங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தெளிந்துவிட்டால் மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். காயமிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

கண்ணாடியில் பிரதிபலிக்கும் வானத்தையும் மரத்தையும் பறவை உண்மையென்று நம்புகிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சில பத்துக்கோடிப் பறவைகள் இப்படிச் சாவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தில் 2023 அக்டோபர் 5 அன்று ஒரே நாளில் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் மோதிச் செத்து விழுந்தன. மறு ஆண்டு அந்தக் கண்ணாடிச் சுவர் முழுவதும் சிறு புள்ளிகள் கொண்ட ஒட்டுப்படலத்தை வெளிப்புறமாக ஒட்டினார்கள். அந்த இலையுதிர் பருவத்தில் சாவு சுமார் 95 விழுக்காடு குறைந்தது. புள்ளிகளுக்கு இடையே ஐந்து செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அவ்வளவு குறுகிய இடைவெளிக்குள் நுழைய முடியாது என்று பறவைக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த ஊரில் பல பத்தாண்டுகளாக விடியற்காலையில் கட்டடத்தைச் சுற்றி வந்து, செத்த பறவைகளைப் பொறுக்கி எண்ணிவைத்த அருங்காட்சியக ஆய்வாளர்கள் இருந்தார்கள். அதனால்தான் எத்தனை குறைந்தது என்று சொல்ல முடிந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில், ராம்சார் எல்லைக்கு எதிர்ப்புறமே எழும்பி நிற்கும் கண்ணாடிக் கோபுரங்களின் அடியில் விடியற்காலையில் பெருக்குபவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று யாராவது எழுதிவைக்க வேண்டும். நிறுவனத்துக்கு ஓர் ஊழியர் போதும்: தேதி, கட்டடத்தின் எந்தப் பக்கம், முடிந்தால் ஒரு புகைப்படம்.

சென்னையில் எழுதப்படும் பட்டியல்களில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. பள்ளிக்கரணையின் சாலையோரம், அடையாறு கழிமுகம், கிண்டி, கேளம்பாக்கத்து உப்பங்கழி என்று எல்லோரும் போகும் இடங்களுக்கே போகிறோம். அதுவும் நவம்பர் முதல் மார்ச் வரை, ஞாயிற்றுக்கிழமை காலையில். பூநாரை போன பிறகு ஜூன் மாத வெயிலில் சதுப்பைப் பார்க்கப் போகிறவர் யார்? இலைக்கோழியின் கூடு மூழ்கியதா தப்பியதா என்பது அப்போதுதான் தெரியும். கலங்கல் வழியாகச் சதுப்புக்கு நீர் அனுப்பும் ஏரிகளைப் பற்றிய குறிப்புகளும் மிகக் குறைவு. ராம்சார் எல்லைக்கோடு சதுப்பைச் சுற்றிப் போடப்பட்டது. அதற்கு நீர் தரும் ஏரிகள் கோட்டுக்கு வெளியே இருக்கின்றன. சித்தாலப்பாக்கத்து ஏரிக்கரை ஓரமாக ஒரு லோடு கட்டட இடிபாடு கொட்டப்பட்டால், இரண்டு பருவம் கழித்துப் பள்ளிக்கரணையில் அதன் விளைவு தெரியும்; காரணம் தெரியாது.

அதனால் புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், யாரும் பறவை பார்க்கப் போகாத ஓர் ஏரியையோ தாங்கலையோ தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, கால்மணி நேரம், முழுப்பட்டியல். குறிப்புப் பகுதியில் கூடுதலாக மூன்றே விவரம்: கலங்கலில் நீர் வழிகிறதா, கரையோரம் புதிதாக மண் கொட்டியிருக்கிறதா, நிற்கும் பறவைகளில் எதன் கால் எந்த மூட்டுவரை நனைந்திருக்கிறது. காகமும் உண்ணிக்கொக்கும் தவிர எதுவும் இல்லாத மாதங்கள் வரும். அந்த மாதப் பட்டியலையும் பதியுங்கள்.